அந்தக் காத்து இல்லீங்க!

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் மைக்கை விட மாட்டார்கள் என்று தெரிந்தும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தலையெழுத்து. எழுதித் தரச் சொன்னதில் ஒரு வசதி, நடுவில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம், நான் கோபித்துக்கொள்ள முடியாது.

சுற்றுச்சூழல் ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, சத்தத்தை எப்படி அளப்பது, பறவையை எப்படி எண்ணுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கருவி இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, இரண்டும் என்னைவிட நன்றாகச் செய்யும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தை எங்கள் மொத்தக் குழுவையும் ஒரு புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். அவர் என்ன சொல்லி அனுமதி கொடுத்தார் என்பது பின்னால் வரும்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். டீக்கடைக் கப்பு, கரண்ட் கம்பத்து வெள்ளைக் குமிழ், கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை எல்லாம் அங்கே சூளையில் வெந்து வருகிறவை. அங்கிருக்கும் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கமும், வேப்பூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமமும் கூட்டாக ஒரு காற்றாலை போடுவதாகத் திட்டம். இடம் ஊருடையது, கரண்ட் பட்டறைகளுக்கு, வருமானம் இருவருக்கும். முதலில் ஒன்று, அது நன்றாக ஓடினால் இன்னும் சில.

சங்கத் தலைவர் கலியபெருமாள். டீ கப்பும் பொம்மையும் சுடுகிறவர். அவர் குரல் மைக் இல்லாமலே நல்லூர் வரை கேட்கும். ஒருமுறை பாதி வேக்காட்டில் கரண்ட் போய், ஒரு சூளைச் சரக்கு முழுவதும் பாழாகி, அதிலிருந்துதான் அவருக்கு இந்தக் காற்றாலைப் பைத்தியம் பிடித்தது. காற்றாலை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், காத்தாடிதான்.

“மேடம், நம்ம ஊர் காத்து, நம்ம கரண்ட்டு. ஆடி மாசம் இங்க வந்து கொடைய விரிச்சிப் பாருங்க. கொடையோட நீங்க பண்ருட்டியில போய் எறங்குவீங்க.”

இந்த மாதிரி காற்றாலைக்குச் சட்டப்படி எங்கள் ஆய்வு கட்டாயமே இல்லை. பணம் தருகிற அமைப்பு கேட்டதால் போனோம். ஆகவே கலியபெருமாளின் கணக்கில் நாங்கள் ஜாதகம் பார்க்க வந்தவர்கள். ‘பொருத்தம் பேஷா இருக்கு’ என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியது. கையெழுத்து மட்டும் என்னுடையது. அதில்தான் சிக்கல்.

என் குழுவில் பிரவீண் என்றொரு பொறியாளர். தங்கமான பிள்ளை. தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனே. அவனுடைய தமிழ் ‘சாப்பிட்டியா, தூங்கினியா, மார்க் எவ்வளவு’ அளவுக்கு உள்ள வீட்டுத் தமிழ். ஊரில் மூன்று இடங்கள் காட்டியிருந்தார்கள். காற்றை அளக்கும் கம்பத்தை ஏதாவது ஓரிடத்தில்தான் நட முடியும். எங்கே நடலாம் என்று ஊர்க்காரர்களைக் கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவன் வீடு வீடாகப் போய், தெள்ளத் தெளிவாக ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறான். “இங்கே எந்த இடத்துல காத்து இருக்கு?”

எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள். புளியமரத்து மேடு.

“இந்த மாதிரி ஒற்றுமையை நான் எந்த சர்வேயிலும் பார்த்ததில்லை மேடம்” என்று போனில் பூரித்தான். கம்பத்தைப் புளியமரத்து மேட்டில் நட்டோம். ஓர் ஆடி முழுக்க அளந்தோம். வேடிக்கை என்னவென்றால், அங்கே நிஜமாகவே நல்ல காற்று. மேட்டு நிலம், மறைப்பு கிடையாது. கலியபெருமாள் கொண்டாடினார். ஏரிக்கரை உள்பட மற்ற இரண்டு இடங்களை எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடியும் தறுவாயில், இறுதிக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு நான் பிரவீணோடு ஊருக்குப் போனேன். டீக்கடையில் ஒரு விவசாயி எங்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

“புளியமரத்து மேட்டுலயா வெக்கறீங்க? அங்க காத்து இருக்குதுங்களே.”

“காத்து இருக்கறதனாலதாங்க அங்க வெக்கறோம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரிஞ்சேவா?”

“சும்மா இல்லீங்க, அளந்து பாத்துட்டுத்தான் வெக்கறோம்.”

“அளந்தீங்களா!” டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “எம்மாம் ஒசரம் இருக்குது?”

“கம்பத்தைக் கேக்கறீங்களா?”

“அய்ய, அந்தக் காத்து இல்லீங்க! இது... காத்து கருப்புங்க!”

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம் பக்கம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உங்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் வீசுகிறதும் காத்து, ஆளைப் பிடிக்கிறதும் காத்து. ‘அங்கே காத்து இருக்குது’ என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவர் வானிலை சொல்லவில்லை, பேய் இருக்கிறது என்கிறார்.

பிரவீணைத் திரும்பிப் பார்த்தேன். முகம் அவித்த முட்டை மாதிரி ஆகியிருந்தது.

“பொழுது சாய்ஞ்சா அதிகம்னு சொன்னாங்க மேடம். அமாவாசைக்கு ரொம்ப அதிகம்னாங்க.”

“அமாவாசைக்குக் காத்து எப்படிப்பா அதிகமாகும்?”

“கடலூர் மாவட்டம் இல்லையா. கடல் ஏத்தம் மாதிரி ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்.”

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் ஊர் சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் கம்பம்தான் நிற்கிறது என்று சும்மா இருந்தவர்கள், நிஜமாகவே இறக்கை வரப்போகிறது என்றதும் கொதித்துவிட்டார்கள். அன்று சாயந்திரமே ஒரு பெண்மணி என்னை மடக்கிக் கேட்டார்.

“இத்தினி நாளா அது பாட்டுக்கு ஒரே எடத்துல கெடக்குது. நீங்க ரெக்கைய வெச்சி சொழட்டுனா, அத ஊரெல்லாம் விசிறி வுட்டுடாதா?”

இத்தனை வருடத்தில் எவ்வளவோ ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது எங்களுக்கு அச்சு அசலாக நடந்தது.

கலியபெருமாள் அசரவில்லை. “இதெல்லாம் ஒரு விசயமா மேடம்? கட்டிப்புட்டாப் போச்சு.” மறுநாளே திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உடுக்கை, எலுமிச்சம்பழம், குங்குமம், மரத்தில் ஓர் ஆணி. பட்டப் பகலிலேயே ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பூசாரி நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, “கட்டியாச்சு. இனி அதுக்கும் இந்த எடத்துக்கும் சம்பந்தமில்ல” என்றார். ஊர் பெருமூச்சு விட்டது. பிரவீண் என் காதில், “ஆட்சேபம் தீர்ந்தது மேடம்” என்றான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அதிகாரி ஒருவர் உண்டு. கூட்டத்துக்குப் போனால் மேடையைப் பார்க்கவே மாட்டார். “பேசறவங்களை எல்லாரும் பார்ப்பாங்க. எல்லாரும் சிரிக்கும்போது எவன் மூஞ்சி மாறுதுன்னு நீ பாரு” என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பூசாரி ‘கட்டியாச்சு’ என்று சொன்னபோது எல்லா முகமும் மலர்ந்தது, ஒன்றைத் தவிர. கூட்டத்துக்கு வெளியே, கழுத்தில் ஜெபமாலையோடு, கையில் வர்ணக் கறையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

பேய் போனால் கிறிஸ்தவப் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? எனக்கு அது குடைந்துகொண்டே இருந்தது. விசாரித்தேன். ஆரோக்கியமேரி. மேட்டுக்கு மேற்கே வயலோரம் ஒரு ஷெட் வைத்திருக்கிறார். பட்டறைகளிலிருந்து வெள்ளை பொம்மைகளை வாங்கி வந்து, கூட மூன்று பெண்களை வைத்துக்கொண்டு, வர்ணம் தீட்டிக் கண் எழுதிக் கொடுக்கிறார். பாதிச் சரக்கு கலியபெருமாளுடையதே.

அடுத்த நாள் காலையில் ஷெட்டுக்கு நடந்தே போனேன். புளியமரத்தைத் தாண்டித்தான் பாதை. மரத்தடியில் உடைந்த பாட்டில் கிடந்தது. புதுசு. நேற்றுப் பூஜை நடந்தபோது அங்கே அது இல்லை.

தகரக் கூரை போட்ட ஷெட். கிழக்குப் பக்கம் சுவரே இல்லாமல் திறந்து கிடந்தது. வெயில் நேராக உள்ளே வந்து மேசையில் விழுந்தது. ஒரு வரிசையில் கிருஷ்ணர்கள், ஒரு வரிசையில் செட்டியார் பொம்மைகள், மூலையில் குடிலுக்குப் போகிற சூசையப்பர்கள். யாருக்கும் இன்னும் கண் இல்லை. ஆரோக்கியமேரி ஒரு கிருஷ்ணரை இடது கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, தூரிகை நுனியால் ஒரு கோடு இழுத்தார். கிருஷ்ணர் பாதி விழித்தார். மற்ற கண்ணுக்குத் தூரிகை போனபோது ஒரு காக்கை குறுக்கே பறந்தது. அதன் நிழல் மேசையைத் தாண்டி ஓடியது. நால்வர் கைகளும் ஒரே சமயத்தில் மேலே எழும்பி நின்றன. நிழல் போன பிறகுதான் இறங்கின.

எனக்குச் சுரீர் என்றது. காக்கை ஒருதரம் பறந்துவிட்டுப் போய்விடும். இறக்கை போகாதே!

வெளியே வந்து பிரவீணுக்குப் போன் போட்டேன். “இறக்கையோட நிழல் எங்க விழும்னு கணக்கு எடுத்தியே, எதுக்கெல்லாம் எடுத்தே?”

“எல்லா வீட்டுக்கும் எடுத்தேன் மேடம். எந்த வீட்டு மேலயும் விழல.”

“இந்த ஷெட்டு?”

“அது வீடு இல்லையே மேடம். அங்க யாரும் தங்கலையே.”

அவன் செய்தது தவறென்று சொல்ல முடியாது. வழிகாட்டு நெறிகளில் குடியிருப்பு என்றுதான் இருக்கிறது. ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டிருந்தோம், பகலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்கவில்லை. உடனே கணக்குப் போடச் சொன்னேன். அரை மணியில் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. ஆடி, ஆவணிக் காலையில், மேட்டுக் காற்றாலையின் சுழலும் நிழல் சரியாக அந்த மேசை மேல். அதாவது கொலு பொம்மைக்குக் கண் எழுதுகிற மாதங்களில்.

உள்ளே போய், “காத்தாடி வந்தா உங்களுக்குக் காலையில வேலை ஓடாதே, ஏம்மா வாயைத் திறக்கல?” என்று கேட்டேன்.

ஆரோக்கியமேரி தூரிகையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார்.

“எங்க அக்காவக் கயத்தாறு பக்கம் குடுத்திருக்குது யக்கா. அங்க எங்க பாத்தாலும் காத்தாடிதான், காலையில அவ வூட்டுக்குள்ள அதோட நெழலு ஓடிக்கினே இருக்கும். அதுல கண்ணு எழுத முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா அந்த மேட்டுல எவனும் எதுவும் கட்ட மாட்டான்னு தைரியமா இருந்தேன்.”

“ஏன்?”

“அதான் அங்க காத்து இருக்குதே.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதை நம்பறீங்களா?”

“நம்பறதாவது! நான்தானே யக்கா அத வுட்டேன்.”

மற்ற மூன்று பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சில வருடங்களுக்கு முன்னால் புளியமரத்தடியில் குடிக்கிற கும்பல் ஒன்று இருந்ததாம். ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற பெண்களை வழி மறிப்பது, கேலி, பாட்டு. ஒருநாள் ஒரு பெண்ணின் கையையே பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஊரில் சொன்னால், ‘நேரத்தோட வூட்டுக்குப் போக வேண்டியதுதானே’ என்று பதில் வந்திருக்கிறது. ஆரோக்கியமேரி கலியபெருமாள் பட்டறையில் விரிசல் விட்டு ஒதுக்கிய ஆளுயர பொம்மை ஒன்றை வாங்கி வந்து, உடம்பை வெள்ளையாகவே விட்டுவிட்டு, கண் மட்டும் எழுதியிருக்கிறார். மரத்துப் பொந்தில் அதைச் சொருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“எங்க நின்னாலும் ஒன்னையே பாக்கறாப்புல ஒரு கண்ணு இருக்குது யக்கா. சாமிக்கு எழுதுனா பக்தி வரும். அதையே கொஞ்சம் கோணலா எழுதுனா குலை நடுங்கும். குடிச்சவன் செல்போன் லைட்ட அடிச்சான். அம்மாடி, செருப்ப வுட்டுட்டு ஓடுனானுங்க! மறுநாளே பொம்மைய எடுத்தாந்துட்டேன். ஒருதரம் பாத்தாப் போதும், மிச்சத்த அவனுங்க வாயே பாத்துக்கிச்சு.”

அதோடு மரத்தடி காலி. பெண்கள் அந்தப் பாதையில் நிம்மதியாக நடந்தார்கள். இப்போது பூசாரி வந்து பேயைக் கட்டிவிட்டார். முதல் நாளே பாட்டில் வந்துவிட்டது. காலை வெளிச்சமும் போகப் போகிறது. சொல்லவும் வழியில்லை. “நான்தான் கெளப்பிவுட்டேன்னு தெரிஞ்சா ஊரு என்னைய சும்மா வுடுமா? கலியபெருமாள் அண்ணன் பொம்மை குடுக்கறத நிறுத்திட்டா நாங்க நாலு பேரும் எங்க போவோம்? ஃபாதர் மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?” என்றவர், கடைசியில் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. “எனக்குன்னு பேச ஊர்ல ஆளு இல்ல யக்கா. அந்தக் காத்துதான் பேசிக்கினு இருந்துச்சு.”

எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு வெளியே வந்தேன்.

இனிமேல்தான் உங்களுக்கான பாடம். பிரவீண் ஒரு வழி சொன்னான். “மேடம், ‘உள்ளூர் மக்களின் நம்பிக்கை’ன்னு எழுதி இடத்தை மாத்திடலாம். யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டாம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. சரியான முடிவு, எல்லாருக்கும் சௌகரியமான காரணம். ஆனால் அந்தக் காரணத்தின் கதியைத்தான் கண்ணால் பார்த்துவிட்டோமே. ஓர் எலுமிச்சம்பழத்தோடு அது தீர்ந்துபோயிற்று. எலுமிச்சம்பழத்தில் தீர்ந்துபோகிற காரணத்தை அறிக்கையில் எழுதாதீர்கள். காரணம் விழுந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆளும் சேர்ந்து விழுவார். ஆரோக்கியமேரிக்கு நேர்ந்தது அதுதான்.

கலியபெருமாளை ஷெட்டுக்கே வரவழைத்து, நிழல் என்றே எழுதுவேன் என்று சொன்னேன். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“நெழலா! பேயக்கூட கட்டிட்டேன், நெழல எப்பிடி மேடம் கட்டறது? எடத்த மாத்துனா இன்னொரு ஆடி அளக்கணும். பணம் குடுக்கறவங்க அதுவரைக்கும் குந்திக்கினு இருப்பாங்களா? ஒரு ஷெட்டுக்காக ஒரு ஊரே நிக்கணுமா?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேசாதீர்கள். காலையில் மட்டும் நிறுத்தி வைக்கலாமே என்றான் பிரவீண். “ஆடி மாசம் நிறுத்தி வெக்கறதுக்கு எதுக்குய்யா காத்தாடி?” என்றார். அதுவும் சரி. ஷெட்டுக்குக் கிழக்கே சுவர் எழுப்பி டியூப் லைட் போட்டால் என்ன என்றார். “டியூப் லைட்டுல எழுதுன கண்ணு, வெயில்ல பாத்தா செத்த மீன் கண்ணாட்டம் இருக்கும்ணே” என்று ஆரோக்கியமேரி முதல்முறையாக அவரிடம் வாய் திறந்தார்.

“அதெல்லாம் பழகிடும்” என்றார் கலியபெருமாள்.

“அப்ப ஒண்ணு செய்யுங்க” என்றேன். “இறுதிக் கூட்டத்தை நாளைக் காலையில இந்த ஷெட்டுலயே வைப்போம். நீங்க ஒரு கண் எழுதிக் காட்டுங்க. பழகிடும்னா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

“நானும் பொம்மைக்காரன் மவன்தான் மேடம். பாத்துடுவோம்” என்றார். ரோஷக்காரர்.

மறுநாள் ஊரே ஷெட்டின் முன்னால் கூடியது. பணம் தருகிற அமைப்பிலிருந்து தமிழ் தெரியாத ஓர் அதிகாரி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷெட்டின் வாசலில், சூரியனுக்கு எதிரே, ஒரு ஸ்டாண்டு ஃபேனை உயரமாகத் தூக்கி வைத்தோம். இது மாதிரிக்குத்தான், காற்றாலை இதைவிட மெதுவாகச் சுற்றும், சரியான கணக்கு பிரவீணின் வரைபடத்தில் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வேடிக்கை காட்டினாலும் பொய் காட்டக் கூடாது.

“மெதுவா சுத்துனா இன்னும் மோசம்” என்றார் ஆரோக்கியமேரி. “இது சொர்ருனு ஓடுது. அது வந்து வந்து போவும்.”

ஃபேன் சுற்றியது. நிழல் மேசை மேல் வெட்டி வெட்டி ஓடியது. கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கிருஷ்ணருக்கு ஒரு கண் புருவத்துக்கு ஏறிவிட்டது. கூட்டம் கெக்கலித்தது. “இருங்கடா, இப்பதான் கை வருது.” இரண்டாவது கிருஷ்ணர் ஒன்றரைக் கண்ணில் ஊரை முறைத்தார். “தலைவரே, அத உங்க வூட்டுக் கொலுவுல வெச்சுக்குங்க” என்றது ஒரு குரல். அவருக்கு வியர்த்தது. பொம்மைக்காரர் மகன் இல்லையா, கோளாறு கையில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விடாமல் மூன்றாவதை எடுத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. ஃபேன் காற்றில் மூலையில் கிடந்த சாக்கு ஒன்று படபடத்து விலகியது. அதன் அடியில் படுத்திருந்தது, ஆளுயர வெள்ளை பொம்மை. தூரிகையோடு நிமிர்ந்த கலியபெருமாளை அது நேருக்கு நேர் பார்த்தது.

தூரிகை கிருஷ்ணரின் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. கூட்டத்துக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, பொம்மை தெரியவில்லை, அதனால் மறுபடி சிரித்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அந்த முகத்தில் ஓடியது வெறும் பயம் இல்லை. ஏற்கனவே பார்த்த கண்ணை மறுபடி பார்க்கிற பயம். செருப்பை விட்டுவிட்டு ஓடியவர்களில் இவரும் ஒருவரா!

ஆரோக்கியமேரி மெள்ள நடந்துபோய்ச் சாக்கை இழுத்து மூடினார். திரும்பி அவரைப் பார்த்தார். கலியபெருமாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் பிழைப்பு முடிந்தது. நானும் வாயைத் திறக்க முடியாது. சுவாமி சத்தியமாக, அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் வேறெந்தக் கூட்டத்திலும் அனுபவிக்கவில்லை.

கலியபெருமாள் எழுந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டார். தொண்டையைச் செருமினார்.

“காத்தாடி இந்த மேட்டுல வேணாம். ஏரிக்கரை எடத்துல கம்பத்த நடுவோம், இன்னொரு ஆடி அளப்போம். கண்ணு எழுதறவங்க வெளிச்சத்துல கைய வெச்சிட்டு நாம கரண்ட் எடுத்து, அப்பறம் யாருக்கு பொம்மை சுடறது?” கொஞ்சம் நிறுத்தினார். பிறகு யாரும் கேட்காமலே குரலைத் தாழ்த்தி, “இன்னொண்ணு. அந்தப் பூசாரி கட்டுனது சரியா வுழல. காத்து இன்னும் இங்கதான் இருக்குது. நானே பாத்தேன். பொழுது சாய்ஞ்சா எவனும் மரத்தாண்ட போவாதீங்க” என்றார்.

ஆரோக்கியமேரி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் நாற்காலி அதிகாரி பிரவீணிடம் ஆங்கிலத்தில், தலைவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். “இங்கே காத்து இருக்குன்னு சொல்றார் சார்” என்று அவனும் ஆங்கிலத்திலேயே சொன்னான். காற்று இருந்தால் எதற்காக இடத்தை மாற்றுகிறார்கள் என்று அவர் கேட்க, பிரவீண் ஒரு கணம் என்னைப் பார்த்தான். “அது வேற காத்து சார்” என்று சொல்லிவிட்டு, நிழல் வரைபடத்தை அவர் மடியில் விரித்துவைத்தான். இப்போது அவனுக்குத் தமிழ் நன்றாக வந்துவிட்டது.

அறிக்கையில் நிழலை மட்டும் எழுதினேன். பணியிடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். பேயைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டியதில்லை. பணம் தருகிறவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் காத்திருந்தார்கள். ஏரிக்கரையில் காற்று கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை ரகம். அங்கே நிழல் விழுகிற இடத்தில் கண் எழுதுகிறவர் யாரும் இல்லை. தண்ணீரும் கொக்குகளும்தான். கொக்குகளையும் எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் காத்தாடி கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டுரைக்கு அனுமதி கேட்க வேண்டுமே என்று ஆரோக்கியமேரியின் ஷெட்டுக்குப் போனேன். “தாராளமா எழுதுங்க யக்கா. அந்த மரத்தடிக்கு வர்றவன் இதெல்லாம் படிக்கவா போறான்?” என்றார். மேசையில் வெயில் அசையாமல் கிடந்தது. கிருஷ்ணர்கள் வரிசையாகக் கண் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயந்திரம் கலியபெருமாள் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வேலை முடிந்து அந்தப் பெண்கள் நால்வரும் புளியமரத்துப் பாதையில் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். எங்கள் கார் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, வயல்களைச் சுற்றிக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.

“மெயின் ரோட்டுக்கு நேர் வழி மரத்து வழியாத்தானே?” என்றேன்.

“ஆமா மேடம். இது கொஞ்சம் சுத்து.”

“அது பொம்மைன்னுதான் உங்களுக்குத் தெரியுமே!”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். “எனக்குத் தெரியும் மேடம். அதுக்குத் தெரியணுமே.”